கிட்டங்கிக்கு அப்பால் ஒரு கொம்பியூட்டர்

எங்கள் காலத்தில் கொம்பியூட்டர் கல்முனையில் இருந்தது. சவளக்கடைக்கும் கல்முனைக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதி இருந்தது. 1990களின் கடைசியில் கொம்பியூட்டர் படிக்க ஆசைப்பட்ட எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கணக்கெடுக்க வேண்டியது இந்தத் தாம்போதியைத்தான். கோடையில் சைக்கிளில் போய்வரும் தூரம். மாரி பிடித்து மேற்கே மழை கொட்டினால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். உழவு மெசின் பெட்டியில் ஏறி நின்றுகொண்டு கடக்கலாம், தோணி வந்தால் தோணியில் போகலாம், இரண்டும் இல்லாவிட்டால் இக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அதற்கு மேல் யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பொழுது படுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற பயம். வகுப்போ பின்னேரத்தில்தான் நடக்கும். ஆகவே ஆம்பிளைப் பிள்ளைகள் போனோம். என் ராத்தா போகவில்லை.

போய்ச் சேர்ந்த இடத்திலும் கொம்பியூட்டர் உடனே கைக்கு வந்துவிடாது. அது தனி அறைக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் செருப்புக் கழற்றும் இடம். தூசு உள்ளே போகக்கூடாது, சூடு படக்கூடாது. சேர் வந்து கதவைத் திறக்கும் வரை வெளி வாங்கில் இருப்போம். உள்ளே மொனிட்டருக்கு ஒரு துணியுறை, கீபோட்டுக்கு ஒரு துணியுறை. ஒரு மெசினுக்கு மூன்று பேர். ஒருவன் கையில் மவுஸ், மற்ற இருவரும் கண்ணால் படிக்க வேண்டும். கீபோட்டின் ஊதா நிறத் தலையும் மவுசின் பச்சை நிறத் தலையும் கொம்பியூட்டர்ப் பொட்டியின் பின்புறத்தில் செருகியிருக்கும். அந்த வயர் எட்டும் தூரம்தான் எங்கள் உலகம். சுமார் ஒன்றரை மீற்றர்.

மவுசின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் உருண்டை இருந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மவுசைத் திருப்பி, வளையத்தைத் திருகிக் கழற்றினால் உருண்டை உள்ளங்கையில் விழும். உள்ளே இரண்டு சிறிய உருளைகள். மேசைத் தூசும் கை வியர்வையும் சேர்ந்து அவற்றில் கறுப்பு வளையமாகப் படிந்திருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுத்து, ஊதிவிட்டு, உருண்டையைத் திரும்பப் போட்டு மூடினால் அம்புக்குறி மறுபடி ஒழுங்காக ஓடும். அந்த வேலை எனக்குக் கிடைக்கும் நாளில் மவுசும் என் கையிலேயே இருக்கும். அதற்காகவே நான் முன்கூட்டியே போனேன்.

வீட்டில் ராத்தா என்னைவிடக் கெட்டிக்காரி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊராருக்குக் கடிதம், விண்ணப்பம் எல்லாம் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். "நீ படிச்சிட்டு வாறத எனக்கும் சொல்லித் தா" என்றாள். கீபோட் இல்லாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்து நான் கீபோட்டை வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கில எழுத்து, அதற்குக் கீழே பாமினி எழுத்துருவில் அது தரும் தமிழ் எழுத்து. ஜே அடித்தால் த. கே அடித்தால் ம. பி அடித்தால் விசிறி. ஓ அடித்தால் ழ. செமிகோலன் அடித்தால் குற்று. ஜே, கே, பி, ஓ, செமிகோலன்: தமிழ். சீ, கே, செமிகோலன், கே, எச்: உம்மா.

இராச் சாப்பாடு முடிந்ததும் ராத்தா அந்த மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் பேப்பரில் இருந்து ஒரு செய்தியை வாசிப்பேன். அவள் விரல்கள் மட்டையில் ஓடும். எந்த எழுத்தும் எங்கேயும் விழாது. விரல் சரியான கட்டத்தில் பட்டதா என்று நான் பார்த்துச் சொல்வேன். கொஞ்ச நாளில் நான் வாசிக்கும் வேகம் அவளுக்குப் போதாமல் போனது. உம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டா: "இவள் அடிக்கிறது எங்க போய் விழுகிது?" அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. கீபோட் சவளக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது, கொம்பியூட்டர் கல்முனையில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் வயரும் இல்லை, வானலையும் இல்லை, வெள்ளம் மட்டும்தான் இருந்தது.

கீபோட் ஓரிடத்திலும் கொம்பியூட்டர் வேறோரிடத்திலும் இருப்பது உலகத்தில் அப்போதே பழைய சங்கதி. மவுசை உலகம் முதன்முதல் பார்த்ததே அப்படித்தான். 1968 டிசம்பர் 9ஆம் திகதி டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மேடையில் அமர்ந்து, கீபோட்டையும் சக்கரம் வைத்த மவுசையும் தொண்ணூறு நிமிடம் இயக்கிக் காட்டினார். அவர் இயக்கிய கொம்பியூட்டர் அந்த மண்டபத்தில் இல்லை. சுமார் 48 கிலோமீற்றர் தள்ளி மென்லோ பார்க்கில், அவருடைய ஆய்வுகூடத்தில் இருந்தது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரம். அவர் அடித்த எழுத்து தொலைபேசி இணைப்பு வழியாகப் போனது, படம் நுண்ணலைக் கோபுரங்கள் வழியாகத் திரும்பி வந்தது. அந்த மவுசைச் செய்து கொடுத்தவர் அவருடன் வேலை செய்த பில் இங்கிலிஷ். பெரிய கொம்பியூட்டர்கள் இருந்த அந்தக் காலத்தில் மெசின் குளிரூட்டிய அறையில் இருக்கும், மனிதர் வேறு அறையில், வேறு கட்டடத்தில் இருந்து வேலை வாங்குவார். தூரம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை, ஏனென்றால் இந்தப் பக்கத்தில் கீபோட் அவர்கள் கையில் இருந்தது.

வீட்டுக் கொம்பியூட்டரில் வயரை அறுக்கும் முயற்சியும் சீக்கிரமே தொடங்கியது. 1983 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த பிசி ஜூனியர் வயரில்லாத கீபோட்டோடு வந்தது. டீவி ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கீபோட். ஒளி சுவரைத் தாண்டாது, நடுவில் ஆள் வந்தால்கூட மறைத்துவிடும். அந்தக் கொம்பியூட்டர் 1985இல் நின்றுபோனது. பிறகு 27 மெகாஹேட்ஸ் வானலையில் இயங்கும் கீபோட்டுகள் வந்தன. அவை மேசையை விட்டு ஒரு பாகம், இரண்டு பாகம் தள்ளிப் போனாலே எழுத்தை விழுங்கிவிடும். 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையும், கீபோட் அனுப்பும் அலையைப் பிடிக்க யூஎஸ்பி துளையில் செருகும் நகக்கண் அளவு டொங்கிளும், புளூடூத்தும் வந்த பிறகுதான் அடுத்த அறை என்ற பேச்சுக்கே இடம் வந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது. பாதை திறந்தது. கொம்பியூட்டர் கிட்டங்கியைக் கடந்து இக்கரைக்கு வந்தது. இன்று எங்கள் வீட்டில் அது உள்ளறையில் இருக்கிறது. அங்கே வைக்க நல்ல காரணம் இருக்கிறது. எங்களைச் சுற்றி வயல். அறுவடைக் காலத்தில் வெட்டு மெசின் வட்டைக்குள் இறங்கினால் பதரும் சுணையும் காற்றோடு கிளம்பி வீட்டு ஹோலெல்லாம் படியும். கொம்பியூட்டரின் காற்றாடி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடு ஏறும், மெசின் சாகும். உள்ளறைக்கு யன்னல் ஒன்றுதான், தூசு குறைவு. யூபிஎஸ்சும் அங்கேயே இருக்கிறது. காற்றாடி இரையும் சத்தம் ஹோலில் படுத்திருக்கும் உம்மாவின் நித்திரையைக் கெடுப்பதில்லை.

ஆனால் ராத்தா உள்ளறைக்குள் போய் அடைந்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு இப்போது முழங்கால் வருத்தம். மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நெடுநேரம் உட்கார முடியாது. ஹோலில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, கீபோட்டை மடியில் வைத்து, பக்கத்து முக்காலியில் மவுசை வைத்து அடிக்கிறாள். எழுத்து எதிர்ச் சுவரில் இருக்கும் டீவியில் விழுகிறது. உள்ளறையிலிருந்து ஒரு நீளமான எச்டிஎம்ஐ வயர் சுவரோரமாக வருகிறது. கண் மங்கினாலும் டீவியில் எழுத்துப் பெரிதாகத் தெரியும். பள்ளிக்கூட வினாத்தாள், கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவித்தல், கமநல சேவை நிலையத்துக்கு விவசாயிகள் கொடுக்கும் மனு எல்லாம் அங்கிருந்தே டைப் ஆகிறது. கலண்டர் மட்டையில் பழகிய அதே விரல் ஒழுங்கு. பாமினி எழுத்துரு போய் யுனிக்கோட் வந்தாலும் பாமினி முறையில் அடிக்கும் மென்பொருள் இருக்கிறது. 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கு ஒரு இலங்கை நியமமும் வந்தது. அதில் வரும் ரெங்கநாதன் விசைப்பலகையும் பழைய தட்டச்சு மரபில் வந்ததுதான். அவள் கற்றது வீண்போகவில்லை.

இந்த ஏற்பாடு முதல் நாளே ஒழுங்காக வேலை செய்துவிடவில்லை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். டொங்கிளைப் பொட்டியின் பின்புறத்தில் செருகியிருந்தோம். ஹோலில் இருந்து அடித்தால் இரண்டு எழுத்து விழும், மூன்றாவது விழாது. சில நேரம் ஒரே எழுத்து வரிசையாக ஓடும். அம்புக்குறி தத்தித் தத்திப் போகும். கீபோட் பழுது என்று கடைக்குக் கொண்டுபோக நினைக்கும் இடம் இதுதான். பழுது கீபோட்டில் இல்லை, பாதையில் இருக்கிறது.

2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீற்றர். செங்கல் சுவரை அது ஊடுருவும், ஆனால் களைத்துப்போகும். கம்பி கட்டிய கொங்கிரீட்டில் இன்னும் களைக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். மனித உடம்பிலும் தண்ணீர்தான் பெரும்பங்கு, ஆகவே நடுவில் ஆட்கள் உட்கார்ந்தாலும் பலவீனமாகும். இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் உள்ளறையில் ஹோல் பக்கச் சுவரோடு இரும்பு அலுமாரி நின்றது. பொட்டியும் இரும்புத் தகடு. டொங்கிள் அதன் முதுகில், சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில். இத்தனை இரும்பைத் தாண்டி ராத்தாவின் விரல் சொல்வது எப்படிக் கேட்கும்?

அலுமாரியை மற்றப் பக்கத்துக்குத் தள்ளினோம். யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, டொங்கிளை அதன் நுனியில் மாட்டி, கதவு நிலையின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து பார்த்தால் ராத்தாவின் கதிரை நேராகத் தெரியும். அதன் பிறகு ஒரு எழுத்தும் தப்பவில்லை. இந்த வயரை ஐந்து மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 வயருக்கு நியமம் வைத்த எல்லை அதுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சமிக்ஞையைப் பலப்படுத்தும் சில்லு உள்ள வயர் வாங்க வேண்டும். இன்னொன்று, நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் வன்தட்டோ பென் டிரைவோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதே 2.4 கிகாஹேட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளம்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து வெளியிட்டது. டொங்கிளை அந்தத் துளையிலிருந்து தள்ளி வைத்தால் போதும். வைபை ரௌட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைக்காரர்கள், அவற்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். சாதாரண புளூடூத் கருவிகளுக்குப் பத்து மீற்றர் என்று சொல்வது வெட்டவெளிக் கணக்கு. சுவர் இடையில் வந்தால் அதில் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

வயர் போனதும் அதன் இடத்துக்குப் பற்றரி வந்தது. பற்றரி என்ற உடனே எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவு வரும். யுத்தத்தின்போது வடக்கில் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். எங்கள் பக்கத்திலும் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கும்போது டோர்ச்சும் பற்றரியும் இருந்தால் மனம் பதறும். இன்று ராத்தா அதே அளவுப் பற்றரியைக் கீபோட்டுக்கு இரண்டு, மவுசுக்கு ஒன்று என்று லாச்சிக்குள் சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு அது வெறும் கடைச் சாமான். அப்படியே இருக்கட்டும். ஒரு பற்றரியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாத பிள்ளைகள் எங்கள் மண்ணில் வளர்கிறார்கள் என்பது எனக்கு எந்தக் கொம்பியூட்டரைவிடவும் பெரிய மாற்றம். நீண்ட நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். அது கசிந்தால் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைத் தின்றுவிடும்.

வயரில்லாதது கீபோட்டுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் இருக்கும் சில அடி மட்டும்தான் என்பதை 2022 நன்றாகக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. கீபோட்டில் பற்றரி இருந்தது, மவுசில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது, உள்ளறையில் பொட்டி செத்துக் கிடந்தது. தவணைப் பரீட்சை வினாத்தாளை ராத்தா கையால் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்திலும் கரண்ட் வந்த நேரத்தில்தான் போட்டோ கொப்பி எடுத்தார்கள்.

வினாத்தாள் என்றதும் ஒரு எச்சரிக்கை. வயரில்லாத கீபோட்டில் நீங்கள் அடிப்பது காற்றில் போகிறது. 2016இல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு விடயங்களை வெளியிட்டார்கள். பெப்ரவரியில், ஏழு உற்பத்தியாளர்களின் டொங்கிள்களை நூறு மீற்றர் தூரம் வரை நின்று ஏமாற்றி, வேறொருவர் அடிப்பதுபோல எழுத்தை உள்ளே தள்ள முடியும் என்று காட்டினார்கள். ஜூலையில், எட்டு உற்பத்தியாளர்களின் மலிவான கீபோட்டுகள் அடிக்கும் எழுத்தை மறைகுறி எதுவும் இல்லாமல் அப்படியே காற்றில் விடுகின்றன என்று காட்டினார்கள். பள்ளிக்கூடத்து வினாத்தாளும், வங்கிக் கடவுச்சொல்லும், ஒருவர் நம்பிச் சொல்லி எழுதுவித்த முறைப்பாடும் அப்படித் தெருவுக்குப் போகக்கூடாது. கீபோட் வாங்கும்போது பெட்டியில் ஏஇஎஸ் 128 மறைகுறி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத் கீபோட்டும் நல்லது, அது சேரும்போதே மறைகுறி ஏற்படுத்திக்கொள்ளும். ராத்தா கடவுச்சொல்லை மட்டும் உள்ளறைக்குப் போய், வயர் உள்ள பழைய கீபோட்டில் அடித்துவிட்டு வருகிறாள். ஊராரின் இரகசியத்தைச் சுமப்பவளுக்கு அந்தக் கவனம் வேண்டும்.

அன்றும் கொம்பியூட்டர் ஒரு அறைக்குள் இருந்தது, இன்றும் ஒரு அறைக்குள் இருக்கிறது. அன்றும் தூசு, சூடு, இன்றும் தூசு, சூடு. அன்று அந்த அறையின் கதவை யாரோ எங்களை வெளியே நிறுத்திப் பூட்டினார்கள். இன்று நாங்களே மெசினை உள்ளே வைத்துவிட்டு, அதை ஆளும் பலகையை மனிதர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அந்த நாளில் ராத்தாவுக்கு இல்லாமல் போனது அறிவும் இல்லை, ஆசையும் இல்லை. அவள் விரலுக்கும் மெசினுக்கும் நடுவில் ஒரு தொடர்பு மட்டும்தான் இல்லாமல் போனது. அதைக் கொடுத்திருந்தால் எங்கள் ஊருக்குப் பத்து வருடம் முன்பே ஒரு நல்ல டைப் செட்டர் கிடைத்திருப்பாள். அவளைப்போல எத்தனை பெண்பிள்ளைகள் தாம்போதிக்கு இக்கரையில் நின்று திரும்பினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கும் அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் அறைகளில் சில இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. பழுதாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். மெசினைப் பூட்டி வையுங்கள், தூசு படாமல் மூடி வையுங்கள். கீபோட்டையும் மவுசையும் மட்டும் வெளியே எடுத்துக் கொடுங்கள். ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரும், ஒரு நல்ல கீபோட்டும், சுவரில் ஒரு திரையும் இருந்தால் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளையும் எழுந்து வராமலே அடித்துப் பார்க்கலாம். நடக்க முடியாத பிள்ளை கதிரையில் இருந்தபடியே அடிக்கலாம். வீட்டில் கீபோட்டை மகனுக்குக் கொடுத்தால் அடுத்த மணித்தியாலத்தில் மகளுக்கும் கொடுங்கள், அதற்குப் பிறகு அவளுடைய உம்மாவுக்கும் கொடுங்கள். வயரில்லாத கீபோட் கைக்குக் கை மாறத்தான் செய்யப்பட்டது. அதை ஒரே மடியில் வைத்திருக்காதீர்கள்.